ஐரோப்பிய மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன் இவற்றில் ஒன்றை மேஜராக எடுக்க நினைப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கட்டணம், கடைசித் தேதி போன்றவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸும் ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டும் இருக்கின்றனவே. அங்கே படித்தால் போதாதா?

மொழி பேசவும் எழுதவும் வந்தால் போதும் என்றால் தாராளமாகப் போதும். அதற்காக மூன்று வருடம் கல்லூரியில் உட்கார வேண்டியதில்லை. அங்கே ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. தனியாக இயங்குகிற நிலை என்று சொல்லப்படும் பி2வை எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு.

பட்டப்படிப்பில் அந்த மொழிப் பயிற்சி பாதிதான். மீதி இலக்கியம், மொழியியல், அந்த நாட்டு வரலாறு, மொழிபெயர்ப்பு. முதல் ஆண்டில் 'என் பெயர் இது' என்று தொடங்குபவர் மூன்றாம் ஆண்டில் ஒரு கவிதையை அந்த மொழியிலேயே ஆராய்ந்து நான்கு பக்கம் எழுத வேண்டும். இடையில் இருக்கிற ஏற்றம் செங்குத்தானது. நாவல் படிக்கப் பிடிக்காதவர்கள் இரண்டாம் ஆண்டில்தான் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று உணர்கிறார்கள். அதை முன்னாலேயே யோசித்துவிடுவது நல்லது.

எங்கெல்லாம் இருக்கிறது?

அகர முதலிலிருந்து சொல்லித்தரும் இளங்கலைக்கு மூன்று பெரிய இடங்கள்: டெல்லி ஜே.என்.யூ., ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் (இஃப்லு என்பார்கள்), டெல்லி பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய, ரொமானியத் துறை. முதல் இரண்டிலும் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன் நான்கும் உண்டு. மூன்றாவதில் ரஷ்யனுக்குப் பதில் இத்தாலியன். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கை க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. எந்தத் தாள்களை எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். விண்ணப்பத்தில் ஒரு தாளை டிக் செய்ய மறந்து வாய்ப்பை இழப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

பிரெஞ்சு முதுகலை சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மன் துறை, ரஷ்யன் துறை இரண்டும் உண்டு. முதுகலை வகுப்பு முழுக்க அந்த மொழியிலேயே நடக்கும் என்பதால் ஏறக்குறைய பி2 இல்லாமல் போனால் முதல் மாதமே மூச்சு முட்டும்.

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து 98 வாங்கினேன். எனக்குச் சுலபமாக இருக்கும்தானே?

முதல் இரண்டு மாதம் சுலபமாக இருக்கும், அதுதான் ஆபத்து. பள்ளித் தேர்வு பெரும்பாலும் மனப்பாடத்துக்கு மதிப்பெண் தருவது. பாடத்தில் வந்த கேள்விக்குப் பாடத்தில் வந்த பதில். புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாலோ, வானொலிச் செய்தியை ஒலிக்கவிட்டாலோ, பலர் ஏ2 நிலையில்தான் நிற்பார்கள். கூடவே தவறான உச்சரிப்பும் இறுகிப்போயிருக்கும். ஒன்றுமே தெரியாமல் வந்தவர் தீபாவளிக்குள் உங்களைத் தாண்டிப்போனால் ஆச்சரியப்படாதீர்கள். கல்லூரியில் தமிழுக்குப் பதிலாக எடுக்கும் 'பார்ட் ஒன்' பிரெஞ்சுக்கும் இதே கதைதான். மேஜர் வேறு, பார்ட் ஒன் வேறு.

என் ஆங்கிலம் சுமார். ஆங்கிலம் வழியாகத்தானே இந்த மொழிகளைக் கற்க வேண்டும்?

பாடநூல்களின் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், அவ்வளவுதான். தமிழ் வீட்டிலிருந்து வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தைத் தொட்டுவிட்டுக் கொண்டுவருவது. பல இடங்களில் தமிழ்தான் கிட்டத்து வழி.

'எனக்குக் குளிர்கிறது' என்பதை ஆங்கிலம் வழியாகக் கொண்டுபோகிறவர் ஜெர்மனில் 'இஹ் பின் கால்ட்' என்பார். அது 'நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்' என்று பொருள் தரும். சரியானது 'மீர் இஸ்ட் கால்ட்'. மீர் என்றால் எனக்கு. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் தப்பே வந்திருக்காது. ஸ்பானிஷில் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது 'மே குஸ்தா எல் கஃபே'. இங்கேயும் மே என்றால் எனக்கு. காபிதான் எழுவாய். ஆங்கிலத்தில் யோசிப்பவர்கள் 'நான்' என்று தொடங்கிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். ஆனால் தமிழ் கைவிடும் ஓர் இடமும் இதிலேயே இருக்கிறது. 'புத்தகங்கள் பிடிக்கும்' என்றாலும் நம் வினை மாறாது. ஸ்பானிஷில் மாறும்: 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. தமிழ் மாணவர்களின் விடைத்தாளில் விடுபடுவது அந்த 'ன்' ஒன்றுதான்.

ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினை கடைசியில் வரும் என்றதும் வகுப்பில் மற்றவர்கள் தலையில் கைவைப்பார்கள். 'மோர்கன் நாஹ் சென்னை ஃபேர்ட்' என்பது 'நாளைக்குச் சென்னைக்குப் போகிறார்' என்பதன் அதே வரிசை. பெயரெச்சமும் அப்படியே. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'டாஸ் கெஸ்டர்ன் கெகௌஃப்டெ பூஹ்'. நேற்று, வாங்கிய, புத்தகம். ஜெர்மன் செய்தித்தாள்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த எச்சம் மூன்று வரிக்கு நீளும். எட்டு வேற்றுமை படித்தவர்களுக்கு ஜெர்மனின் நான்கும் ரஷ்யனின் ஆறும் கருத்தளவில் புதிதல்ல. உருபுகளை மனத்தில் ஏற்றுவதுதான் வேலை.

ரஷ்யனில் எல்லாரையும் அழவைப்பது வினையின் முற்றுப்பெற்ற, முற்றுப்பெறாத வடிவங்கள். 'யா சிதால் க்னீகு' என்றால் புத்தகம் படித்தேன், படித்துக்கொண்டிருந்தேன். 'யா ப்ரச்சிதால் க்னீகு' என்றால் படித்துவிட்டேன், முடித்தாயிற்று. நம் 'விடு' என்ற துணைவினையைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதியில், குறிப்பாக எதிர்மறையிலும் எதிர்காலத்திலும், அது உதவாது.

தமிழ் வழுக்கிவிடும் இடங்களில் முக்கியமானது பிரெஞ்சு இணைப்புப் பெயர்கள். 'நான் வாங்கிய புத்தகம்', 'நான் பேசிய புத்தகம்' இரண்டும் நமக்கு ஒரே அமைப்பு. முதலாவதில் புத்தகத்தை, இரண்டாவதில் புத்தகத்தைப் பற்றி. அந்த உருபை நம் பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது. பிரெஞ்சு விழுங்காது. முதலாவதுக்கு 'க', இரண்டாவதுக்கு 'தோன்'. எது என்று தெரியாதபோது வாக்கியத்தைப் பிரித்து எழுதிப் பாருங்கள்: நான் பேசுகிறேன், எதைப் பற்றி? அந்த வினை 'த' என்ற முன்னிடைச்சொல்லைக் கேட்டால் 'தோன்'. பரீட்சை அறையில் ஓரத்தில் இப்படிப் பிரித்துப் போட அரை நிமிடம் ஆகும்.

உச்சரிப்பில் எங்கே அடிவாங்குவோம்?

மூன்று இடங்களில். முதலாவது, ச-வும் ஆங்கில இசட்டும். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் இடையே இருப்பது இந்த ஒரே ஒலி வேறுபாடுதான். உணவகத்தில் எதைக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். இசட்டுக்கு அதிர வேண்டும்.

இரண்டாவது, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் ஒட்டவைக்கும் உகரம். பஸ்ஸு, காரு என்கிற பழக்கம் ஜெர்மன் மேசையையும் 'டிஷ்ஷு' ஆக்கிவிடும். மூன்றாவது, ஆங்கிலத்தைப் பார்த்து ட-வைக் கொண்டுபோவது. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அந்த எழுத்து பல்லைத் தொடுகிற நம் த-தான். கையிலேயே இருப்பதை விட்டுவிட்டுக் கடன் வாங்குகிறோம்.

பிரெஞ்சு 'யூ' ஒலிக்கு நாக்கு ஈ சொல்ல வேண்டும், உதடு ஊ சொல்ல வேண்டும். ஈ என்று இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் குவித்தால் வந்துவிடும். நாக்கை அசைத்தால் 'ரூ' என்னும் தெரு, சக்கரமாகிவிடும்.

மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது?

காரணம் தேடாமல். நமக்குப் பால் என்பது பொருளில் இருக்கிறது, அவர்களுக்குச் சொல்லில் இருக்கிறது. ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷன்' அஃறிணை மாதிரி நடத்தப்படுவது சிறுமியை அவமதிக்க அல்ல. '-ஷன்' என்ற சிறுமை விகுதி வந்தால் எந்தச் சொல்லும் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாலுக்குப் போய்விடும். '-உங்', '-ஹைட்', '-கைட்', '-ஷாஃப்ட்' என்று முடிந்தால் பெண்பால். பிரெஞ்சில் '-சியோன்' பெண்பால், '-ஆஜ்' பெரும்பாலும் ஆண்பால். இந்த நாலைந்து விகுதிகளே ஏராளமான சொற்களைத் தீர்த்துவைக்கும். மற்றவற்றை, முன்னால் வரும் 'ல', 'லா', 'டெர்', 'டீ' போன்ற சுட்டுச்சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். சொல்லைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் கற்றவர்கள் மூன்றாம் ஆண்டிலும் தடுமாறுகிறார்கள்.

இலக்கியத் தாளில் கதை தெரிந்தும் மதிப்பெண் வருவதில்லையே, ஏன்?

பொழிப்புரை எழுதிவிட்டு அதை ஆய்வு என்று நினைப்பதால். பிரெஞ்சுத் துறைகளில் 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்' என்றொரு பயிற்சி உண்டு. 20, 25 வரிகளைக் கொடுத்து, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்வார்கள். என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு வரி போதும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 1942ஆம் ஆண்டு நாவலை, தமிழில் 'அந்நியன்' என்று வந்திருப்பதை, எடுத்துக்கொள்வோம். 'கதைசொல்லி தன் தாயின் இறப்பைப் பற்றிச் சொல்கிறான், அவனுக்கு உணர்ச்சி இல்லை' என்று எழுதினால் அது பொழிப்புரை. நாவல்களில் அதுவரை வழக்கமாக இருந்த எழுத்து இறந்தகாலமான 'பாசே சாம்ப்ல்' இங்கே ஏறக்குறைய இல்லை என்பதைக் கவனிப்பதுதான் தொடக்கம். அதற்குப் பதில் பேச்சில் வரும் 'பாசே காம்போசே' முழு நாவலையும் சுமக்கிறது. பாசே சாம்ப்ல் ஒரு செயலை அடுத்ததோடு கோத்துக்கொண்டு போகும். பாசே காம்போசே ஒவ்வொன்றையும் முடித்து வைத்துவிடும். அதனால் வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று காரணமாகாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உணர்ச்சி இல்லை என்று நமக்குத் தோன்றுவது அந்த இலக்கணத்திலிருந்தும் வருகிறது. இந்த ஒரு பத்தி, கதைச்சுருக்கம் மூன்று பக்கத்தைவிட அதிக மதிப்பெண் வாங்கும்.

எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் இந்த வரிசையில் போகலாம்: யார் பேசுகிறார், எந்தக் காலத்தில், வாக்கியம் நீளமா துண்டா, எந்தச் சொல் திரும்ப வருகிறது, எங்கே ஒழுங்கு உடைகிறது. உடைகிற இடம்தான் பெரும்பாலும் கேள்வியின் இடம்.

கவிதையில் அசை எண்ணும்போது ஒன்று குறைகிறது அல்லது கூடுகிறது.

அநேகமாக மௌன 'எ'வைத் தவறவிட்டிருப்பீர்கள். பிரெஞ்சு மரபுக் கவிதையின் தலையாய அடி அலெக்ஸாந்த்ரேன். 12 அசை, நடுவில் 6க்கும் 6க்கும் இடையே ஒரு நிறுத்தம். பேச்சில் கேட்காத சொல்லிறுதி 'எ', அடுத்து மெய் வந்தால் கவிதையில் ஓர் அசையாக எண்ணப்படும். உயிர் வந்தால் மறையும். அடியின் கடைசியில் வந்தால் எண்ணக் கூடாது. 'ஒரு வட்ட மேசை' என்பது பேச்சில் யூன்-தாப்ள்-ரோந்த், 3 அசை. கவிதையில் யூ-ன-தா-ப்ள-ரோந்த், 5 அசை. உயிர் வந்தால் ஓடிவிடும் நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் பாதி விதி கைவந்துவிடும்.

இதே கணக்கை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அடியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் இறுதி அசையில் விழுந்தால் ஒன்று கூட்ட வேண்டும், இறுதிக்கு முன்னதற்கு முன்னதில் விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். ஜெர்மனில் அசையைவிட அழுத்தம்தான் கணக்கு.

முதல் நாவலை எப்படிப் படித்து முடிப்பது? ஒரு பக்கத்துக்கு 40 சொல் தெரியவில்லை.

40 சொல்லையும் அகராதியில் பார்த்தால் பத்தாவது பக்கத்தில் புத்தகம் மூடப்படும். முதல் பத்துப் பக்கத்துக்கு மட்டும் பொறுமையாகப் பாருங்கள். ஓர் எழுத்தாளரின் சொல்வட்டம் அதற்குள் ஓரளவு பிடிபடும். அதன் பிறகு மூன்றாவது முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் பாருங்கள். நாளுக்கு 10 பக்கம் என்றால் 150 பக்க நாவல் பதினைந்து நாள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தந்த மொழியின் அகராதிக்கு மாறிவிடுங்கள். ஸ்பானிஷுக்கு ரேயால் அகாதெமியாவின் அகராதி, ஜெர்மனுக்கு டூடன், பிரெஞ்சுக்கு த்ரெஸோர் அகராதி, மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது திருட்டு அல்ல. ஆனால் மூலத்திலிருந்து நேரடியாக வந்ததாக இருக்கட்டும். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே மொழிபெயர்த்த 'அந்நியன்', ச. மதனகல்யாணியும் அவரும் சேர்ந்து செய்த 'குட்டி இளவரசன்' போன்றவை அந்த வகை. மூலத்தில் ஒரு பத்தியைப் படித்து, நீங்களே தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு அச்சில் உள்ளதைப் பாருங்கள். வரிசையைத் திருப்பினால் பயன் போய்விடும்.

மொழிபெயர்க்க மெஷின் இருக்கிறதே. இதைப் படித்து என்ன பயன்?

விலைப்பட்டியலுக்கும் இயக்கக் கையேட்டுக்கும் மெஷின் வந்துவிட்டது உண்மை. முழுக்க முழுக்கக் கையால் மொழிபெயர்க்கும் வேலை குறைந்து, மெஷின் தந்ததைத் திருத்தும் வேலை கூடியிருக்கிறது. திருத்த வேண்டுமானால் மூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஜெர்மனில் இரண்டு பேர் 'ஸீ' என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் 'டூ' என்று மாறுகிறார்கள் என்றால் அங்கே ஏதோ நடந்துவிட்டது. நீங்கள் என்பது நீ ஆகிவிட்டது. ஆங்கிலத்தை நடுவில் வைத்து வந்த பிரதியில் இரண்டும் ஒரே சொல்லாகி, தமிழில் முதலிலிருந்தே நீ, அல்லது கடைசிவரை நீங்கள். இந்த மாதிரி இடத்தைக் காண்பவருக்குத்தான் சம்பளம்.

பட்டம் இருந்தால் டெல்ஃப் (பிரெஞ்சு), கோத்தே (ஜெர்மன்) மொழித்திறன் சான்றிதழ் தனியாக வேண்டுமா?

வேண்டும். வேலை தருபவருக்கு உங்கள் மதிப்பெண் பட்டியல் புரியாது, பி2 என்றால் புரியும். டெல்ஃப் பி2 மொத்தம் 100 மதிப்பெண், நான்கு பகுதிக்கும் 25 வீதம். 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. கோத்தே பி2வில் நான்கு பகுதிகளும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். நன்றாகப் பேசுகிறவர்களும் கோட்டைவிடுவது கேட்டல் பகுதியில்தான். வகுப்பில் ஆசிரியர் நமக்காக மெதுவாகப் பேசிப் பழக்கிவிடுகிறார்.

அங்கே போய்ப் படிக்கச் செலவு?

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்பதைக் கேட்டு மகிழ்ந்தவர்களை விசா நேரத்தில் பணத்தை முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கு வந்து நிறுத்தும்: 2024 செப்டம்பர் நிலவரப்படி ஆண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். அது கைக்கு வர நாளாகும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பிரான்ஸ் 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. அப்போது இளங்கலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770. விலக்கு தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. பட்டம் முடித்தவர்கள் பிரெஞ்சுப் பள்ளிகளில் வாரம் 12 மணி நேரம் ஆங்கிலம் சொல்லித்தரும் உதவியாளர் திட்டத்தையும் பார்க்கலாம். சம்பளத்தோடு சில மாதம் மொழிக்குள் வாழ இதைவிட மலிவான வழி இல்லை.

வேலை?

கல்லூரி ஆசிரியராக முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன் நான்குக்கும் நெட் உண்டு. பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆசிரியருக்குத் தேவை இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் மொழியோடு இன்னொன்றும் தெரிந்தவருக்கு, கணக்கியலோ மென்பொருள் சோதனையோ, மதிப்பு அதிகம். இலக்கியம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொழி மட்டும் போதும் என்றாலும்தான்.

சேர்க்கை முடிந்தது, வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

இலக்கணப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். தினமும் 20 நிமிடம் அந்த மொழி வானொலியை, புரியாவிட்டாலும், கேளுங்கள். சொல் எங்கே முடிகிறது என்று காது பிரிக்கத் தொடங்கினால் போதும். கணினியில் யு.எஸ். இன்டர்நேஷனல் விசைப்பலகையைப் போட்டு மேற்குறிகளோடு தட்டச்சுப் பழகுங்கள். பிரெஞ்சில் ஒரு சாய்கோடு விடுபட்டால் 'எங்கே' என்பது 'அல்லது' ஆகிவிடும். ரஷ்யன் எடுத்தவர்கள் 33 எழுத்துகளையும் கையெழுத்து வடிவத்திலேயே கற்றுக்கொண்டு போங்கள். அச்சு வடிவம் மட்டும் தெரிந்து போனால், கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவது முதல் வாரம் முழுக்க ஒரே அலையலையாகத் தெரியும்.